படத்தைச் சுத்தி இருக்கிற கவிதை அந்தப் படத்தைப் பத்தினதா?

நல்ல கேள்வி, கேட்டதும் ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. "முகலாய ஆல்பத்துல ஒரு பிரபுவோட படம். அதைச் சுத்திச் சின்னச் சின்னக் கட்டத்துல பாரசீகக் கவிதை வரி இருக்கு. அது அவரைப் பத்தி என்ன சொல்லுது?"ன்னு ஒரு நேயர் கேட்டிருக்காங்க.

பெரும்பாலும் அவரைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை. வேற ஏதோ ஒரு கவிதைப் புத்தகத்துலேர்ந்து கத்தரிச்சு ஒட்டின வரிங்க அது. இந்த மாதிரி ஆல்பத்துக்கு முரக்கான்னு பேர். முரக்கான்னா "ஒட்டுப்போட்டது"ன்னு பல தடவை சொல்லியிருக்கேன், மறுபடியும் சொல்றேன். சூஃபிகள் போட்டுக்கிற ஒட்டுப்போட்ட அங்கிக்கும் அதே பேர்தான். படம் ஒரு துண்டு, கவிதை ஒரு துண்டு, பூ வரைஞ்ச ஓரம் இன்னொரு துண்டு. படம் சின்னதா இருந்தா, எல்லாப் பக்கமும் ஒரே அளவுல வரணுமேன்னு நடுவுல எழுத்துப் பட்டையை வெச்சு நிரப்புவாங்க.

ஒட்டுறது எப்படின்னா, மூணு நாலு தாளை மாவுப்பசை தடவி அடுக்குவாங்க. பூச்சி அரிக்காம இருக்கப் பசையில கொஞ்சம் மயில்துத்தம். காய்ஞ்சதும் அகேட் கல்லால தேய்ச்சு வழவழப்பாக்கணும். பசை படாத இடம் இருந்தா அங்கே தாள் உப்பிரும், தேய்க்கும்போது கிழியும். துண்டும் ஓரமும் சேர்ற இடத்தை மறைக்கத்தான் தங்கத்துலயும் வண்ணத்துலயும் கோடு போடுறது. அந்தக் கோட்டுல செம்புக் களிம்புப் பச்சை இருந்தா ஆபத்து. அது தாளை அரிச்சு, கோட்டோடவே வெடிக்க வைக்கும். படம் சட்டத்தை விட்டுக் கழண்டு வந்துரும்.

ஆனா நீங்க கேட்க வேண்டிய கேள்வி வேற. அந்தப் படத்தோட பின்பக்கத்துல என்ன இருக்கு? பெரும்பாலும் எழுத்துக்கலை. ஜஹாங்கீர் தேடித்தேடிச் சேர்த்த எழுத்துக்கலைஞர் ஹெராத் மீர் அலியோட நஸ்தாலிக் (பாரசீக எழுத்துல ஒரு பாணி) எழுத்தா இருக்கலாம். அரசவையில எழுத்துக்கு ஓவியத்தைவிட மதிப்பு அதிகம். ஆல்பத்தைத் திறந்தா படத்துக்கு எதிரே படம், அடுத்த திறப்புல எழுத்துக்கு எதிரே எழுத்து. அப்படித்தான் அடுக்கினாங்க.

1929ல ஸ்காட்லாந்துல ஒரு பழம்பொருள் கடையில கிடைச்ச கெவோர்க்கியன் ஆல்பம்ங்கிற முகலாய ஆல்பத்துல 50 தாள். 41 நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துல, 9 வாஷிங்டன் ஃப்ரீர் அருங்காட்சியகத்துல. அதுல 19ஆம் நூற்றாண்டு நகல் படங்களும் கலந்திருக்கு. கலைக்கவும் சேர்க்கவும் முடியுறதுதானே முரக்கா. அதைவிடப் பரிதாபம், 1909ல பாரிஸ் வியாபாரி தெமோத் கைக்குப் போன ஷாஜகானோட பிற்கால ஆல்பம். அடுக்கி ஒட்டின தாள்ங்கிறதால முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் உரிச்சுப் பிரிக்க முடியும். அதுல பல தாளைப் பிரிச்சு, ஒண்ணை ரெண்டா வித்துட்டாங்க.

அப்படிப் பிரிஞ்ச படம் தாளோட எந்தப் பக்கம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஓரத்தை அளந்து பாருங்க. நாலுல ஒரு ஓரம் குறுகலா இருக்கும், அதுதான் ஆல்பத்தைத் தைச்சுக் கட்டின பக்கம். இது வலமிருந்து இடமாப் படிக்கிற ஆல்பம். குறுகல் வலதுகைப் பக்கம் இருந்தா அது முன்பக்கம், இடதுகைப் பக்கம் இருந்தா பின்பக்கம்.