மீன் பெட்டி தூக்குற முதுகுல ஒரு சென்சார்

வணக்கம் மக்களே! கடலூர் முதுநகர் துறைமுகத்துல நிக்கிறேன். பின்னாடி போட் இன்ஜின் சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கையில இருக்கறது மோஷன் சென்சார், தீப்பெட்டி சைஸுதான். உள்ள ஆக்சிலரோமீட்டர், எவ்வளவு வேகமா திரும்புதுன்னு அளக்குற கைரோஸ்கோப் ரெண்டும் இருக்கு. போனைத் திருப்பினா ஸ்கிரீன் திரும்புதுல்ல, அதே வேலைதான். அசையாம நின்னாலும் புவியீர்ப்பு எந்தப் பக்கம்னு ஆக்சிலரோமீட்டர் காட்டிடும். அதை வச்சு முதுகு எத்தனை டிகிரி சாயுதுன்னு கணக்கு எடுக்கலாம். கைரோவை மட்டும் நம்பினா நேரம் ஆக ஆக கோணம் விலகிடும், அதனால ரெண்டையும் கலந்துதான் பாக்கணும்.

லோடு ஏத்துற அண்ணன் ஒருத்தர் முதுகுல பெல்ட் போட்டுக் கட்டி விட்டேன். கிராஃபைப் பாருங்க, இந்தக் கோடுதான் முதுகு சாயுற கோணம். லாரியில ஏத்துறப்ப கோடு பெருசா எழும்பல. தரையில கிடக்குற பெட்டியை எடுக்கக் குனியுறாரு பாருங்க, அங்கதான் செங்குத்தா ஏறுது.

இதுக்கு எடை தெரியாது. காலிப் பெட்டியும் ஐஸ் போட்ட பெட்டியும் அதுக்கு ஒண்ணுதான். எடைக்கு, வேலையிடப் பாதுகாப்பை ஆராயுற அமெரிக்க அரசு நிறுவனம் நியோஷ் (NIOSH) 1991-ல திருத்தின ஒரு கணக்கு இருக்கு. எல்லாம் தோதா இருந்தா 23 கிலோ தூக்கலாம்கறாங்க. தோதுன்னா, பெட்டி சுமார் 75 செ.மீ. உயரத்துல, உடம்புக்கு ஒட்டி இருக்கணும். அதே பெட்டி தரையில இருந்தா, அதுக்காக மட்டுமே 18 கிலோவுக்குக் கீழ வந்துடுது. கையை 50 செ.மீ. நீட்டி எடுத்தா அதுலயும் பாதிதான். இங்க ரெண்டுமே நடக்குது!

அந்தப் பக்கம் மீன் தரம் பிரிக்கிற அக்காங்க இருக்காங்க. அவங்க கிராஃப்ல ஏத்த இறக்கமே இல்ல. குனிஞ்ச கோணத்துலயே கோடு நீளமா ஓடுது. பாக்க சாதுவா இருக்கு, ஆனா எனக்கு இதுதான் அதிகம் உறுத்துது.

ஆக, ‘ஒழுங்கா குனிஞ்சு தூக்கு’ன்னு ஆளுக்குப் பாடம் எடுக்கறதை விட, பெட்டியைத் தரையில வைக்காம இடுப்பு உயரத்துல ஒரு மேடை போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அண்ணன் பெல்ட்டைக் கழட்டுறப்ப கேட்டாரு: “தம்பி, இது மொதலாளி போனுக்குப் போவுமா?” சரியான கேள்வி. யாரு மெதுவா வேலை செய்றாங்கன்னு பாக்கவும் இதே டேட்டா போதும். அப்படின்னா யாரும் கட்டிக்க மாட்டாங்க, கட்டிக்கவும் வேணாம். “போவாதுண்ணே, இந்த மெமரி கார்டுலதான் இருக்கு”ன்னு அவர் கையிலயே கொடுத்துட்டேன். மேடை கேக்கப் போறப்ப காட்டுறாராம்.