பெட்ரோல் கணக்குப் போட்டே அட்லாண்டிக்கைத் தாண்டிய பண்ணைப் பையன்: லிண்ட்பர்க்

[காட்சி: மிசிசிப்பி ஆற்றங்கரை, பழைய மரவீடு]

சார்லஸ் லிண்ட்பர்க் பிறந்தது 1902-ல, டெட்ராய்ட்ல. வளர்ந்தது மினசோட்டா மாநிலம் லிட்டில் ஃபால்ஸ் பக்கத்துல ஒரு பண்ணையில. முதல் உலகப் போர் முடியுற சமயம் அந்தப் பண்ணையை நடத்தினதே டீன் ஏஜ்ல இருந்த அவர்தான். கூடவே பால் கறக்கிற மெஷினும் வித்தார். அப்புறம் விஸ்கான்சின்ல இன்ஜினியரிங் சேர்ந்து பாதியில விட்டுட்டு, 1922-ல நெப்ராஸ்காவுக்கு விமானம் ஓட்டக் கத்துக்கப் போனார். அடுத்த வருஷம் ராணுவம் கழிச்சுப் போட்ட ஒரு ஜென்னி விமானத்தை 500 டாலருக்கு வாங்கினார்.

[காட்சி: தபால் மூட்டை ஏத்துற விமானம்]

1926-ல செயின்ட் லூயிஸ் - சிகாகோ தபால் விமான வேலை. செப்டம்பர்ல ஒரு ராத்திரி, கீழே ஒரே மூடுபனி, இறங்க வழியில்லை. பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் நின்னதும் பாராசூட்ல குதிச்சார். ஆனா எஞ்சின் சுவிட்சை அணைக்கலை. விமானம் மூக்கைக் கவிழ்க்கவும், டாங்க் அடியில மிச்சமிருந்த பெட்ரோல் கார்புரேட்டருக்கு ஓடி எஞ்சின் திரும்ப ஸ்டார்ட் ஆயிடுச்சு. ஆளில்லாத விமானம் அவரையே சுத்திச் சுத்தி வந்துச்சு! 110 கேலன் டாங்க் ஒழுகுதுன்னு கழட்டிட்டு 85 கேலன் டாங்க் மாட்டியிருந்தது பிறகுதான் அவருக்குத் தெரிய வந்துச்சு.

[காட்சி: ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ், குறுக்குவெட்டுப் படம்]

1927-ல நியூயார்க் - பாரிஸ் பயணத்துக்கு சான் டியேகோவில ரையன் கம்பெனி கட்டின விமானம்தான் ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ். முழுசா ஏத்தினா 450 கேலன், அதாவது சுமார் 1,700 லிட்டர். மொத்த எடையில பாதிக்கு மேல பெட்ரோல்தான். பெரிய டாங்கை விமானிக்கு முன்னாடி வச்சாங்க. பின்னாடி வச்சா, விமானம் விழும்போது எஞ்சினுக்கும் டாங்குக்கும் நடுவுல ஆள் நசுங்கிடுவார். அதனால முன் கண்ணாடியே கிடையாது. பக்க ஜன்னலும், முன்னாடி பார்க்க கண்ணாடி வச்ச ஒரு சின்ன பெரிஸ்கோப்பும்தான். எடையைக் குறைக்க ரேடியோ, பாராசூட் ரெண்டையும் விட்டாச்சு. பெட்ரோல் மீட்டர்கூட இல்லை. எந்த டாங்க்ல எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு பேனல்ல பென்சிலால கோடு போட்டுக்கிட்டே வந்தார்.

இறக்கையை 10 அடி நீட்டினவங்க, நேரம் போதாம வால் பகுதியைப் பழைய மாடல்படியே விட்டுட்டாங்க. அதனால கைய எடுத்தா விமானம் ஒரு பக்கமா இழுக்கும். முந்தின ராத்திரியும் தூங்காத மனுஷனை அதுதான் முழிக்க வச்சுச்சு.

[காட்சி: சேறான ஓடுபாதை]

மே 20 காலை 7:52. மழையில ஊறின தரையில சக்கரம் புதையுது. ஓடுபாதை முடிவுல இருந்த தொலைபேசிக் கம்பிகளை சுமார் 20 அடி இடைவெளியிலதான் தாண்டினார். 3,600 மைல் பாதையை 100 மைல் துண்டுகளா முன்னாடியே பிரிச்சு வச்சிருந்தார். ஏறக்குறைய மணிக்கு ஒரு தடவை திசையைக் கொஞ்சம் திருப்பணும். அயர்லாந்து கரை தெரிஞ்சப்போ, பாதையிலிருந்து விலகியிருந்தது சில மைல்தான். ரேடியோ இல்லாம அந்தத் துல்லியம் உண்மையிலேயே அசாத்தியம்.

33½ மணி நேரம் கழிச்சு பாரிஸ்ல இறங்கினப்போ டாங்குல மிச்சம் 85 கேலன். மணிக்கு சுமார் 11 கேலன்னு வச்சா, இன்னும் 7 மணி நேரத்துக்கு மேல பறந்திருக்கலாம்.