டேயஸ் எக்ஸ்: இரண்டாம் பாகம் இழந்தது என்ன?

நேயர்களுக்கு வணக்கம்.

கணினி விளையாட்டுகளில் இரண்டாம் பாகம் சறுக்குவது புதிதல்ல. ஆயினும், 2003 டிசம்பரில் வெளிவந்த 'டேயஸ் எக்ஸ்: இன்விசிபிள் வார்' சறுக்கிய விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் அதைச் செய்தவர்கள் புதியவர்கள் அல்லர். 2000-ஆம் ஆண்டு முதல் பாகத்தைத் தந்த, அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இயங்கிய அதே அயன் ஸ்டார்ம் குழுதான் இதையும் உருவாக்கியது. முதல் பாகத்தின் தலைமை வடிவமைப்பாளரான ஹார்வி ஸ்மித்தே இரண்டாவதை இயக்கினார்.

முதல் பாகத்தின் தொடக்கக் கட்டம் நியூயார்க்கின் லிபர்ட்டி தீவில் நடக்கிறது. சுதந்திர தேவி சிலையைக் கைப்பற்றியிருக்கும் கலகக்காரர்களின் தலைவனை அடைய வேண்டும் என்பதே பணி. எப்படி அடைவது என்று விளையாட்டு நமக்குச் சொல்வதில்லை. வடக்குத் துறையில் காத்திருக்கும் உளவாளியைத் தேடிச் சென்றால் வாயிலின் சாவி கிடைக்கும்; பின்புறம் அடுக்கியிருக்கும் பெட்டிகளின் மீது ஏறியும் உள்ளே போகலாம்; சுட்டுக்கொண்டே முன்வாசல் வழியாகவும் நுழையலாம். தீவு முழுவதும் ஒரே வெளியாக இருப்பதால், சுற்றி நடந்து, காவலர்களின் நடமாட்டத்தைக் கவனித்து, நமக்கான வழியை நாமே கண்டுபிடிக்கிறோம்.

இரண்டாம் பாகம் கணினியோடு, தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுக் கருவிக்கும் சேர்த்து உருவானது. அந்தக் கருவியின் நினைவகம் 64 மெகாபைட் மட்டுமே. அதனால் நகரங்கள் சிறு சிறு அறைகளாகவும் முற்றங்களாகவும் துண்டாடப்பட்டன. சில நிமிடங்களுக்கு ஒருமுறை, அடுத்த பகுதி ஏறும்வரை காத்திருக்கவைக்கும் லோடிங் திரை குறுக்கிட்டது. மாற்று வழிகள் இருந்தன என்பது உண்மையே. ஆனால் கதவுக்குப் பக்கத்திலேயே காற்றுக்குழாய் வாய் திறந்திருக்கும்போது, அதைக் கண்டுபிடித்தோம் என்று எப்படிச் சொல்வது?

எனினும் பழி முழுவதையும் கருவியின் மேல் போட நான் உடன்படமாட்டேன். முதல் பாகத்தில் பதினொரு திறன்கள் இருந்தன; துப்பாக்கிப் பயிற்சி இல்லாதவர் குறிபார்த்தால், குறிவட்டம் சுருங்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். இரண்டாம் பாகம் அத்திறன் முறையையே நீக்கியது. மேலும், கைத்துப்பாக்கி முதல் ராக்கெட் ஏவி வரை எல்லா ஆயுதங்களுக்கும் ஒரே பொதுத் தோட்டாவை வைத்தது. ராக்கெட்டில் தாராளமாகச் செலவழித்தால் கைத்துப்பாக்கியும் காலியாகிவிடும். எளிமைக்காகச் செய்த இந்த மாற்றம், எந்த ஆயுதத்தைச் சுமப்பது, எதைச் சேமிப்பது என்ற ஆட்டக்காரரின் கணக்கையே அர்த்தமற்றதாக்கியது. இவற்றை நீக்கச் சொல்லி நினைவகம் கட்டாயப்படுத்தவில்லை.

இதைவிடப் பெரிய குறை கதைப்போக்கில் இருக்கிறது. முதல் பாகத்தில், நாயகன் பணிபுரியும் அமைப்பின் தலைமையகத்தில் பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்தால்கூடப் பின்னர் மேலதிகாரி அதைச் சொல்லிக் கண்டிப்பார். நாம் செய்வதை உலகம் கவனிக்கிறது என்ற உணர்வு அங்கேயே பிறந்துவிடும். இரண்டாம் பாகத்திலோ, உலக வர்த்தக அமைப்பும் 'ஆர்டர்' என்னும் சமய அமைப்பும் மாறி மாறி வேலை தருகின்றன. ஒன்றுக்கு வஞ்சகம் செய்தாலும் சிறிது நேரத்தில் அதுவே மீண்டும் அழைக்கிறது. இரண்டையும் இயக்குவது ஒரே மறைமுகக் குழுதான் என்று கதை பின்னர் காரணம் காட்டுகிறது. போட்டி போடும் இரு காபிக் கடைகளுக்கும் முதலாளி ஒருவரே என்ற துணைக்கதையும் இதையே நையாண்டி செய்கிறது; அந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கருத்து எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், கோபித்துக்கொள்ளவே தெரியாத எதிரிகளிடம் விசுவாசம் காட்டினால் என்ன, துரோகம் செய்தால் என்ன?

முதல் பாகத்தின் மூன்று முடிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஆட்டக்காரர் தடுமாறியிருப்பார். இரண்டாம் பாகமோ மூன்றும் ஒருங்கே நடந்ததாக வைத்துக்கொண்டு கதையைத் தொடங்கியது. யாரையும் மனம் நோகச் செய்யக் கூடாது என்ற எண்ணமாக இருக்கலாம். விளைவு, அந்தத் தடுமாற்றம் வீணாயிற்று.

ஆஸ்டின் கூடம் 2005-இல் மூடப்பட்டது. 2011-இல் மான்ட்ரியல் நகரின் வேறொரு குழு இத்தொடரை மீட்டெடுத்தபோது, கதையை முதல் பாகத்துக்கும் கால் நூற்றாண்டு முன்னதாக, 2027-இல் அமைத்தது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனித் தோட்டாவையும் திருப்பிக் கொடுத்தது.