‘டீசலில் தண்ணீர், வாரன்டி வராது’ என்று சர்வீஸ் சென்டர் சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

[திரை: மேசைமேல் ஜாப் கார்டு, பக்கத்தில் எஸ்டிமேட் தாள்]

“சார், டீசல்ல தண்ணி கலந்திருக்கு. ஹை பிரஷர் பம்ப் போச்சு, நாலு இன்ஜெக்டரும் போச்சு. இது வாரன்டியில வராது.”

சர்வீஸ் அட்வைசர் இப்படிச் சொல்லி எஸ்டிமேட்டை நீட்டுகிறார். தொகை லட்சங்களில் இருக்கிறது. வண்டிக்கு இன்னும் வாரன்டி காலம் முடியவில்லை.

அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். தண்ணீர் கலந்த டீசல் பம்பை நாசமாக்கும். கலப்பட எரிபொருளால் வந்த சேதத்தை வாரன்டி ஏற்காது என்று வாரன்டி கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். ஆனால் அவர் சொன்னது ஒரு முடிவு மட்டும்தான். எந்தச் சோதனை செய்தார்கள், என்ன அளவு வந்தது, வர வேண்டிய அளவு என்ன என்ற மூன்றும் அந்த எஸ்டிமேட்டில் இருக்காது. கேட்க வேண்டியது அந்த மூன்றையும்தான், அதுவும் எழுத்தில்.

[திரை: காமன் ரெயில் அமைப்பின் வரைபடம். டேங்க், ஃபில்டர், பம்ப், ரெயில், இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாக ஒளிர்கிறது]

டேங்க்கிலிருந்து டீசல் முதலில் ஃபில்டருக்கு வருகிறது. தண்ணீர் டீசலைவிடக் கனமானது என்பதால் ஃபில்டரின் அடிக்கிண்ணத்தில் தங்கிவிடும். அங்கே ஒரு சென்சார் இருக்கும். தண்ணீர் குறிப்பிட்ட மட்டத்தைத் தொட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். ஃபில்டரைத் தாண்டி வரும் டீசலை ஹை பிரஷர் பம்ப் அழுத்தி, எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ‘ரெயில்’ என்ற குழாய்க்கு அனுப்புகிறது. ஓடும்போது இந்த அழுத்தம் பல எஞ்சின்களில் 1600 பார் (அழுத்தத்தின் அலகு) என்ற அளவைத் தாண்டும். பம்புக்குள் தனியாக ஆயில் கிடையாது; டீசலேதான் அதற்கு மசகு. தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் மசகு குறைந்து, உலோகமும் உலோகமும் உரசி, பொடி உதிரும். அந்தப் பொடி ரெயில் வழியாக, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள்வரை போகும்.

கலப்படமே இல்லாமலும் இதே பொடி வரும் என்பதைக் கவனியுங்கள். சில வகை பம்புகளில் உள்ளே இருக்கும் ரோலர் தன் நிலையிலிருந்து திரும்பிவிட்டால், அது கேம் என்ற சுழலும் பாகத்தை அரைத்துப் பொடியாக்கும். ஃபில்டர் ஹவுசிங்கைத் திறந்து பளபளக்கும் துகளைக் காட்டி “பாருங்க சார், கலப்படம்” என்றால், அந்தத் துகள் பம்ப் தேய்ந்ததைத்தான் காட்டுகிறது. ஏன் தேய்ந்தது என்பதை அது சொல்லாது.

தண்ணீரால் வந்த சேதத்துக்குத் தடயம் வேறு. ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தனி அடுக்காக நிற்கும் நீர், பம்பின் பிளஞ்சரிலும் (டீசலை அழுத்தும் தண்டு) இன்ஜெக்டரின் நுழைவாயிலிலும் பழுப்புத் துரு, சிறு சிறு குழிகள். இவற்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால், பார்ட் நம்பரும் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

[திரை: ஸ்கேனர் திரையில் பி 0087]

இனி எரர் கோடு, அதாவது வண்டியின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. பதிந்துவைக்கும் பிழைக் குறியீடு. இந்தப் பிரச்சினையில் வழக்கமாக வருவது பி 0087. ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்பதுதான் அதன் பொருள். ‘பம்ப் போச்சு’ என்று எந்தக் கோடும் சொல்வதில்லை. அடைத்த ஃபில்டர், குழாயில் காற்று, சிக்கிக்கொண்ட மீட்டரிங் வால்வு, கசியும் பிரஷர் லிமிட்டர், தப்பாகக் காட்டும் ரெயில் சென்சார், மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயில் அதிகம் விடும் ஒரே ஒரு இன்ஜெக்டர்: இவற்றில் எதனாலும் அதே கோடு வரும். கோடைப் பார்த்ததுமே பம்பை மாற்றச் சொல்வது டயக்னோசிஸ் ஆகாது.

தண்ணீருக்குத் தனிக் கோடு உண்டு: பி 2269. ஃபில்டரில் நீர் சென்சார் உள்ள வண்டியில் அந்தக் கோடும் பதிவாகவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால், “தண்ணீர் வந்திருந்தால் சென்சார் ஏன் பிடிக்கவில்லை?” என்பது நியாயமான கேள்வி. இக்னிஷனைப் போட்டதும் அந்த விளக்கு ஒரு நொடி எரிந்து அணைகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்சாரே பழுது என்றால், அதுவும் வாரன்டிக்குள் வரும் பாகம்தான்.

ஆகவே வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் இந்த வரியை எழுதச் சொல்லுங்கள்: “உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கோடுகளை அழிக்கக் கூடாது, ஃப்ரீஸ் ஃபிரேமுடன் முழு ஸ்கேன் ரிப்போர்ட் தர வேண்டும்.” கோடு விழுந்த அந்த நொடியில் எஞ்சின் வேகம், வெப்பம், ரெயில் அழுத்தம் என்ன என்பதெல்லாம் ஃப்ரீஸ் ஃபிரேமில் இருக்கும். ஒருமுறை அழித்துவிட்டால் போச்சு. புகாரை எழுதும்போது அறிகுறியை மட்டும் எழுதுங்கள்: “காலையில் நீண்ட நேரம் கிராங்க் செய்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, மேடு ஏறும்போது இழுவை இல்லை, செக் எஞ்சின் விளக்கு எரிகிறது.” “பம்ப் பிரச்சினை” என்று நீங்களே எழுதிவிட்டால் அவர்கள் வேறெங்கும் தேட மாட்டார்கள்.

[திரை: நான்கு ஒளிபுகும் பாட்டில்கள், நான்கு ரிட்டர்ன் குழாய்கள். மூன்றில் கொஞ்சம் டீசல், ஒன்று பாதிக்கு மேல்]

எதையும் பிரித்துப்போடாமல் செய்யக்கூடிய நல்ல சோதனை லீக் ஆஃப் டெஸ்ட். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் ஒரு பாட்டிலை மாட்டி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிடுவார்கள். ஸ்டார்ட் ஆகாத வண்டியில் கிராங்க் மட்டும் செய்வார்கள். ஒரு பாட்டில் மட்டும் வேகமாக நிரம்பினால் அந்த ஒரு இன்ஜெக்டர்மேல்தான் முதல் சந்தேகம். கெட்ட டீசல் நான்குக்கும் சமமாகத்தான் போயிருக்கும். மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் கெட்டிருந்தால் கலப்படம் என்ற வாதம் பலவீனமாகிறது. முற்றிலும் செத்துப்போவதில்லை, ஏனென்றால் ஒன்று முதலில் தேய்ந்து மற்றவை பின்னால் தேய்வதும் உண்டு. அதனால்தான் அடுத்த கட்டமாக இன்ஜெக்டர்களைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டு, ஐடில், பைலட் (முதலில் பீய்ச்சும் சிறு அளவு), முழு லோடு, ரிட்டர்ன் ஆகியவற்றுக்கான அளவுகளை அச்செடுத்துத் தரச் சொல்ல வேண்டும். அந்தத் தாளில் வந்த அளவும் வர வேண்டிய வரம்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். “நாலும் போச்சு” என்பது உண்மையா என்று அப்போது தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சந்தேகத்தில் இன்ஜெக்டரையோ பம்பையோ வெளியே எடுத்துப்போய் திறக்காதீர்கள். சீல் உடைந்தால் அதையே காரணமாக வைத்து வாரன்டியை மறுப்பார்கள்.

[திரை: கண்ணாடி ஜாடியில் டீசல், அடியில் மெல்லிய நீர்க்கோடு]

டீசல் மாதிரி எடுப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், பலரும் கோட்டைவிடுவதும் இதைத்தான். டேங்க்கைச் சுத்தம் செய்யும் முன், உங்கள் கண்ணெதிரே எடுக்க வேண்டும். டேங்க்கின் அடியிலிருந்தும் ஃபில்டர் கிண்ணத்திலிருந்தும் தனித்தனியாக எடுங்கள். சுத்தமான, நன்கு காய்ந்த கண்ணாடி ஜாடி வேண்டும். கழுவிய ஈரத்தோடு இருக்கும் பாட்டிலே தண்ணீர்ச் சாட்சியாகிவிடும். அரை மணி நேரம் ஆடாமல் வைத்தால் தனியாக நிற்கும் நீர் அடியில் இறங்கும். ஒவ்வொரு மாதிரியிலும் இரண்டு பாட்டில் எடுத்து, சீல் வைத்து, தேதி, கிலோமீட்டர், இரு தரப்புக் கையெழுத்தோடு ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய்க் கலப்படம் என்றால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். பி.எஸ்.6 (இப்போதைய மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசலில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம்வரை நீர் இருக்க அனுமதி உண்டு. ஆகவே “தண்ணீர் இருந்தது” என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டை ஏற்காதீர்கள், அளவைக் கேளுங்கள்.

டீசல் போட்ட பில்களும் இப்போது உதவும். ஒரே பங்க்கில் போட்டிருந்தால் அங்கே போய், தங்கள் டேங்க்கில் வாட்டர் பேஸ்ட் தடவிய அளவுகோலை இறக்கிக் காட்டச் சொல்லலாம், அடர்த்திச் சோதனையும் கேட்கலாம்.

[திரை: சர்வீஸ் அட்வைசர், ஒர்க்ஸ் மேனேஜர், கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் என்று மேலேறும் படிகள்]

அட்வைசருடன் சண்டை போடுவதில் பயனில்லை. வாரன்டி வேலைக்கான பணத்தை டீலருக்குத் தருவது கம்பெனி. கம்பெனி அந்த கிளெய்மைத் தள்ளிவிட்டால் செலவு டீலர் தலையில் விழும். அந்தப் பயத்திலேயே சில டீலர்கள் கிளெய்மைப் போட்டுக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே முதல் கேள்வியே இதுதான்: “வாரன்டி கிளெய்ம் கம்பெனிக்குப் போச்சா? அவங்க மறுத்த பதிலைக் காட்டுங்க.” போகவில்லை என்றால், கம்பெனியின் கஸ்டமர் கேரில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கி, ஏரியா சர்வீஸ் மேனேஜர் நேரில் வந்து வண்டியைப் பார்க்க வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள்.

[திரை: மின்னஞ்சல் வரைவு]

“எனது வாகனத்தின் வாரன்டி கோரிக்கை மறுக்கப்பட்டதற்கான காரணத்தையும், வாரன்டி கையேட்டில் அதற்குரிய பிரிவையும், ஸ்கேன் ரிப்போர்ட், லீக் ஆஃப் அளவுகள், டெஸ்ட் பெஞ்ச் அச்சு, எரிபொருள் ஆய்வறிக்கை ஆகியவற்றையும் எழுத்துமூலம் தரவும். இவை கிடைக்கும்வரை பாகங்களைப் பிரிக்கவோ மாற்றவோ எனது சம்மதம் இல்லை.”

இது போதும். கோபம் வேண்டாம், நீளமும் வேண்டாம்.

நம் பக்கமும் சரியாக இருக்க வேண்டும். ஃபில்டரை உரிய கிலோமீட்டரில் மாற்றாமல் விட்டிருந்தாலோ, நீர் விளக்கு எரிந்த பிறகும் வாரக்கணக்கில் ஓட்டியிருந்தாலோ, டீலரின் மறுப்பில் நியாயம் இருக்கிறது. வண்டி ஓடிய நேரமும் கோடு விழுந்த நேரமும் பல வண்டிகளின் ஈ.சி.யூ.வில் பதிவாகியிருக்கும், மறைக்க முடியாது.

கம்பெனியும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை உள்ள வழக்குகள் அங்கேதான் போகும், காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். உற்பத்திக் குறை என்று நீங்கள் சொன்னால் நிபுணர் அறிக்கை எங்கே என்று கேட்பார்கள். பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்ப 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. அனுப்புவதற்குப் பாகம் இருக்க வேண்டுமே! வண்டி இல்லாமல் முடியாது என்று கையிலிருந்து பணம் கட்டி வேலை பார்த்தால், “ஆட்சேபத்தின் பேரில் செலுத்துகிறேன்” என்று பில்லில் எழுதுங்கள். பழைய பம்ப், இன்ஜெக்டர், ஃபில்டர் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாரன்டியில் மாற்றினால் பழைய பாகம் கம்பெனிக்குப் போகும். நீங்கள் காசு கொடுத்தால் அது உங்களுடையது.

[திரை: இன்ஜெக்டரின் தலையில் பொறித்த எழுத்தெண் குறியீடு]

வாரன்டியில் ஒப்புக்கொண்டு மாற்றித் தந்தாலும் அப்படியே சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். ஒவ்வொரு புது இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு பொறித்திருக்கும், அதை ஈ.சி.யூ.வில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் ஐடிலில் நடுக்கமும் புகையும் வரும். பழைய பொடி தங்கியிருக்கும் என்பதால் ரெயில், குழாய்கள், டேங்க் எல்லாம் சுத்தம் செய்யப்பட்டதா என்றும் ஜாப் கார்டில் பாருங்கள்; இதைத் தவறவிட்டால் புது இன்ஜெக்டரும் கொஞ்ச நாளில் அதே கதிக்கு ஆளாகும். கடைசியாக ஸ்கேனரை மாட்டியபடியே ஒரு மேட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஈ.சி.யூ. கேட்கும் ரெயில் அழுத்தமும் உண்மையில் வரும் அழுத்தமும் ஒட்டியே ஏற வேண்டும். இடைவெளி விழுந்தால் வண்டியை அங்கேயே திருப்பிக் கொடுத்து, புது ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள்.