அந்த ஜிப்பாவோட கை

எல்லாருக்கும் வணக்கம். தீபாவளி வந்துட்டா நம்ம சிங்கப்பூர் தேக்கா பக்கம் லைட்டும் கூட்டமுமா ஆயிடும், கேம்பல் லேன் கடைங்களத் தாண்டி புள்ளைங்கள கூட்டிட்டு வர்றதே காசு டைட்டா இருக்குற வீட்டுக்குப் பெரிய பாடு. காசு இல்லாதப்போ அதைப் புள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் பேச வந்திருக்கேன்.

ஒரு வருஷம் என் வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு. புள்ளைக்குத் தெரியக் கூடாதுன்னு ராத்திரி ரூம்ல மெதுவா பேசிக்குவோம். தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கப்போ என் மகன், அப்ப எட்டு வயசு, போன வருஷ ஜிப்பாவ மாட்டிக்கிட்டு வந்து நின்னு "இதுவே போதும்மா, நல்லாத்தான் இருக்கு"ன்னான். கை பத்தல, அது தெரியக் கூடாதுன்னு ரெண்டு மடிப்பு மடிச்சு விட்டிருந்தான். எனக்குப் பேச்சே வரல. நாங்க பேசுனத அரைகுறையா கேட்டுட்டு, வீட்டையே காலி பண்ணப் போறோம்னு பல நாளா பயந்துட்டு இருந்திருக்கான்.

மறைச்சது எங்க தப்பு. அன்னிக்கே மேசையில உக்கார வச்சு, அப்பாவுக்கு வேலை இல்ல, வீடு எங்கயும் போகாது, தீபாவளிக்கு 150 வெள்ளி இருக்குன்னு நோட்ட எண்ணி முன்னாடி வச்சோம். முறுக்கு வீட்லயே சுடலாம், ஆனா பாட்டிக்கு சேலை வாங்கணும்னான். மாவு பிசைஞ்சு நான் அச்சுல போட்டுக் குடுக்க, நாக்கக் கடிச்சிக்கிட்டு அவன்தான் பிழிஞ்சான்.

அதனால சொல்றேன், தொகைய சொல்லுங்க. வெறுமன காசு இல்லன்னு மட்டும் சொன்னா புள்ள கண்டதையும் நெனச்சு பயப்படும். அரசாங்கம் வீட்டுச் செலவுக்குக் குடுக்குற சிடிசி பற்றுச்சீட்டு வந்தா, 2025 ஜனவரியில குடும்பத்துக்கு 300 வெள்ளி வந்துச்சுல்ல, பாதி சூப்பர்மார்க்கெட்டுக்கு, பாதி ஹாக்கர் சாப்பாட்டுக் கடை, அக்கம்பக்கத்துக் கடைக்குன்னு, அந்தக் கணக்க அவங்களையே போட விடுங்க. பட்டாசுக்கு இங்க 1972லேர்ந்து தடை, பக்கத்து வீட்டுப் புள்ள கையிலயும் மத்தாப்புதான், அந்த ஒரு விஷயத்துல ஏக்கம் இல்ல. அப்புறம், பெரியவங்க உறையில போட்டுக் குடுக்குற அவங்க அங்பாவ் காச மட்டும் கேக்காம எடுத்துடாதீங்க, அது ரொம்ப நாள் மனசுல நிக்கும்.

சாமான் வாங்கவே வழியில்லன்னா கடன் வாங்கிடாதீங்க. அரசாங்க உதவித் திட்டம் காம்கேர் இருக்கு, அதோட நம்பர் 1800-222-0000, கூப்பிட்டுப் பேசுங்க, இல்லன்னா சிண்டாவுல, அதான் நம்ம இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துல, போய்க் கேளுங்க. வெக்கப்பட ஒண்ணுமே இல்ல, அந்த வருஷம் நானும் கூப்பிட்டேன். பேனா எடுத்துட்டீங்களா, இன்னொரு தடவ சொல்றேன், 1800-222-0000.