கல் மலைச் சரிவும் ஒரு மருத்துவமனையும்

வணக்கம் நேயர்களே.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் இறங்கி வடக்கே நிமிர்ந்து பார்த்தால், செங்குத்தான திராட்சைச் சரிவு ஒன்று தெரியும். பெயர் ஷ்டைன், அந்த மொழியில் ‘கல்’ என்று பொருள். ஏறத்தாழ 85 ஹெக்டேர். மைன் நதிக்கரையிலுள்ள இந்தப் பல்கலைக்கழக ஊரின் கதை அந்தக் கல்லில்தான் தொடங்குகிறது.

பழங்காலக் கடலில் சிப்பிகள் படிந்து இறுகிய சுண்ணாம்புப் பாறை அது. தெற்குப் பார்த்த சரிவில் வெயில் நன்றாக விழும். பகலில் வாங்கிய சூட்டைப் பாறை இரவில் விடும். குளிர்ந்த காற்று கனமானது, மேலே நிற்காமல் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் ஏப்ரல் கடைசியில் உறைபனி வந்தால் அடிவாரக் கொடிதான் முதலில் கருகும். தளிர் விட்ட கொடிக்கு மைனஸ் 2, 3 டிகிரியே எமன். பக்கத்தில் உறங்கும் துணை மொட்டு பிறகு விழிக்கும், ஆனால் குலை குறைவு.

கவாத்து குளிர்காலக் கடைசியில். போன ஆண்டுக் கிளைகளில் திடமான ஒன்றை நிறுத்தி, பத்து மொட்டு அளவுக்கு விட்டு, மற்றதை வெட்டுவார்கள். அதை வளைத்துக் கம்பியில் கட்டுவது காற்றில் ஈரம் இருக்கும் நாளில். வறண்ட குளிரில் வளைத்தால் படக்கென்று முறியும். ஆசைப்பட்டு மொட்டை அதிகம் விட்டால் குலை பெருகும், சர்க்கரை ஏறாது, சாறு நீர்த்துப்போகும்.

இந்த வட்டாரத்தின் செல்லப் பிள்ளை சில்வானர் என்ற திராட்சை இனம். இங்கே 1659இல் நட்டதற்கு எழுத்துச் சான்று உண்டு. நல்ல ஒயினை அடைக்கும் போக்ஸ்பாய்ட்டல் புட்டி தட்டையான வயிறு கொண்டது. படுக்க வைத்தால் உருளாது.

1576இல் கத்தோலிக்க ஆயர் யூலியுஸ் எக்டர் இங்கே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஒரு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். அதை நடத்த திராட்சைத் தோட்டங்களையும் வயல்களையும் காடுகளையும் மானியமாக எழுதிவைத்தார். கட்டடம் எழுந்த நிலமோ யூதர்களிடமிருந்து பறித்த இடுகாடு. இதை மறைத்து அவருடைய தர்மத்தைப் புகழ்வது நியாயமாகாது.

1402இல் தொடங்கிச் சீக்கிரமே நொடித்துப்போன பல்கலைக்கழகத்தை 1582இல் மறுபடி நிறுவியவரும் அவரே. மருத்துவ மாணவர்கள் நோயைப் படித்தது இந்த மருத்துவமனைக் கட்டில்களின் அருகில். நோய்க்கூற்றியல் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஷோ 1849 முதல் 1856 வரை இங்கே கற்பித்தார். ஒவ்வோர் உயிரணுவும் இன்னோர் உயிரணுவிலிருந்தே பிறக்கிறது என்று 1855இல் எழுதினார். 1895 நவம்பர் 8 அன்று, கறுப்பு அட்டையால் மூடிய குழாய்க்கு அப்பால் திரை ஒன்று ஒளிர்வதைக் கண்டார் இயற்பியலாளர் வில்ஹெல்ம் ரோன்ட்கன். காரணம், கண்ணுக்குத் தெரியாத எக்ஸ் கதிர். 1896 ஜனவரி 23 அன்று இதே ஊரில் உரையாற்றியபோது, முதிய உடற்கூற்றியல் பேராசிரியர் கோலிக்கரின் கையைக் கூடியிருந்தோர் முன்னிலையில் அந்தக் கதிரால் படம் பிடித்தார். கதிருக்கு ரோன்ட்கன் பெயரையே வைக்கலாம் என்று முன்மொழிந்தவர் அந்தக் கோலிக்கர்.

எக்டரின் அறக்கட்டளைக்கு இன்றும் தோட்டங்கள் உண்டு. அதன் நிலவறை சுமார் 250 மீட்டர் நீளம், இருபுறமும் ஓக் மரப் பீப்பாய்கள். மரத்தின் நுண்துளை வழியே ஒயின் மெல்ல ஆவியாகும். மேலே இடைவெளி விழுந்தால் காற்றுப் பட்டுப் புளிக்கும். அதனால் பீப்பாயைத் திறந்து, அதே ஒயினால் விளிம்புவரை நிரப்பி, மறுபடி அடைக்கிறார்கள்.