வயோலாவின் அடியில் எழுதிய வார்த்தை

எல்லோருக்கும் வணக்கம். வயோலாக்காரன் ஒருவனைத் தனியாக மேடையில் நிறுத்தி முக்கால் மணி நேரம் பேசவிட்டால், ஆர்க்கெஸ்ட்ராவில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மேற்கத்திய இசைக்காரர்களிடம் வயோலாவைக் கேலி செய்யும் துணுக்குகள் மூட்டை மூட்டையாக உண்டு. அவற்றில் ஒன்றையும் இன்று சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்கள் இடைவேளையில் சொல்லிக்கொள்ளுங்கள்.

நாட்டுப்புற மெட்டை வயோலாவுக்கு மாற்றுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். முதலில் கருவியைப் பார்த்துவிடலாம். பார்வைக்குக் கொஞ்சம் பெருத்த வயலின். நான்கு தந்திகள்: சி, ஜி, டி, ஏ. வயலினின் மேல் தந்தியை எடுத்துவிட்டு, கீழே ஒரு தந்தி சேர்த்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வயலினை விட ஒரு பஞ்சமம் கீழே, அதாவது ச-விலிருந்து ப வரை உள்ள தூரம். வயலினின் உடல் சுமார் 35 சென்டிமீட்டர். ஒரு பஞ்சமம் இறங்க வேண்டுமென்றால் கணக்குப்படி உடலும் ஒன்றரை மடங்கு, அதாவது 53 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதைத் தோளில் வைத்து யாராலும் வாசிக்க முடியாது. ஆகவே 38-லிருந்து 43-க்குள் நிறுத்திக்கொள்கிறார்கள். கருவி தன் சுருதிக்குச் சின்னதாகப் போய்விட்டது. அந்தக் குறையிலிருந்துதான் கொஞ்சம் மூக்கடைத்த, கொஞ்சம் புகை படிந்த அந்தக் குரல் வருகிறது. பாட்டி சாயங்காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது மாதிரி. நம் பாலமுரளிகிருஷ்ணா வயோலாவும் வாசித்தவர். பாடகர் ஒருவருக்கு இந்தக் கருவி பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, மெட்டுக்கு வருவோம். வயோலாவுக்கு நாட்டுப்புற மெட்டு வேண்டுமென்றால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: வயலின் புத்தகத்தை எடுத்து, எல்லாவற்றையும் ஒரு பஞ்சமம் இறக்கி எழுதிவிடுவார்கள். விரல்கள் மாறாது, தந்தி மட்டும் பக்கத்துத் தந்தி. பத்து நிமிட வேலை. நானும் அப்படி நிறையச் செய்திருக்கிறேன். பத்தொன்பது வயதில் அப்படி இறக்கிய ஓர் ஆங்கிலப் பாட்டை என் ஆசிரியரிடம் வாசித்துக்காட்டினேன். நல்ல அதிர்வு, வழுவழுவென்று வில். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "ரொம்ப அழகா இருக்குப்பா. இதுல அந்த ஆள் என்ன சொல்றான்?" எனக்குத் தெரியவில்லை. பாட்டுக்கு வார்த்தை உண்டு என்பதே அந்த நிமிஷம் வரை நினைவில் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். பாட்டு கருவிக்கு வரும்போது வார்த்தை போய்விடுகிறதே, அது எங்கே போகிறது? இதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பதில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸுடையது. அவருடைய நண்பர் ஜோகிம் பெரிய வயலின் வித்வான், வயோலாவும் வாசிப்பவர். அவர் 1863-ல் அமாலி என்ற பாடகியைக் கல்யாணம் செய்துகொண்டார். அமாலிக்குக் கீழ்ஸ்தாயிக் கனத்த குரல். அந்த வீட்டுக்கென்று பிராம்ஸ் ஒரு தாலாட்டு எழுதினார்: ஒரு குரல், ஒரு வயோலா, ஒரு பியானோ. அதில் பாடகி வாயைத் திறப்பதற்கு முன்னால் வயோலா தனியாக ஒரு மெட்டை வாசிக்கும். ஜெர்மனியில் நூற்றாண்டுகளாகப் பாடிவந்த பழைய கிறிஸ்துமஸ் தாலாட்டு மெட்டு அது. 'ஜோசப்பே, அன்பு ஜோசப்பே, பிள்ளையைத் தாலாட்ட எனக்குக் கைகொடேன்' என்று மரியாள் கேட்பதாக வரும். இங்கேதான் விஷயம். அச்சுப் பிரதியில் வயோலாவின் சுரங்களுக்கு அடியிலேயே அந்த வார்த்தைகளைப் போட்டிருக்கிறார் பிராம்ஸ். யாரும் பாடப்போவதில்லை. கேட்பவருக்கும் தெரியாது. வாசிப்பவன் கண்ணுக்கு மட்டும்.

அப்புறம் பாருங்கள், கணவன் ஜோசப் ஜோகிம், பாட்டிலும் 'ஜோசப்பே, கைகொடேன்'. குடும்பத்துக்குள் ஒரு சின்ன சீண்டல். 1884-ல் இந்தப் பாட்டு அச்சில் வந்தபோது அந்தக் கல்யாணம் உடைந்திருந்தது. அது தெரிந்த பிறகு அந்த முதல் பத்துப் பன்னிரண்டு சுரங்களை வாசிப்பது எனக்குச் சுலபமாக இல்லை.

பிராம்ஸிடமிருந்து நான் திருடிய பழக்கம் இதுதான்: பென்சில். எந்த நாட்டுப்புற மெட்டை எழுதினாலும் ஒவ்வொரு சுரத்துக்கும் அடியில் வார்த்தையைத் தமிழ் எழுத்தில் எழுதிவிடுவேன். உங்களுக்குத் தெரிந்த ஒன்றை வைத்துச் செய்து காட்டுகிறேன். 'ஸ்கார்பரோ ஃபேர்' என்ற ஆங்கில நாட்டுப்பாடல். இன்று பரவலாகப் பாடுகிற மெட்டை எடுத்துக்கொள்கிறேன். சுரங்கள் நம் கரகரப்பிரியா ராகத்துடையவை. தோரியன் என்பார்கள் அவர்கள். கீழ் நிஷாதத்திலிருந்து மேல் சட்ஜம் வரை ஒன்பது சுரங்கள்தான் மொத்தப் பாட்டும்.

இதை வயோலாவில் எங்கே உட்கார வைப்பது? டி-யை ஆதார சட்ஜமாக வைத்தால் இரண்டு இடம் உண்டு. மேலே வைத்தால் ஆதாரம் டி தந்தி. மெட்டு ஏ தந்திக்கு ஏறும்போது பக்கத்து டி தந்தியைச் சும்மா இழுத்துவிட்டாலே அடியில் சுருதி நிற்கும். தம்புரா வேண்டாம். ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் சட்ஜம் சி தந்தியில் முதல் விரல். பாட்டின் மிகக் கீழான சுரம் வெறும் சி தந்தி, வயோலாவின் கடைசிப் படி. பாட்டின் உச்சி, வெறும் டி தந்தி. கருவியின் அடித்தளத்தில் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்துவிடும். வயலினுக்கு அந்த இடம் கிடையாது. அதன் கீழ்த் தந்தியே ஜி. ஆனால் கீழே இறங்கினால் சுருதி போட வழியில்லை. சி தந்தியில் வாசிக்கும்போது பக்கத்தில் இருப்பது ஜி, நமக்கு மத்தியமம். அதைச் சேர்த்து இழுத்தால் பாட்டு வேறு எங்கோ போய்விடும்.

எது நல்லது? என் முடிவு: முதல் பத்தி கீழே, மொட்டையாக, துணையில்லாமல். ஒருவன் தனியாகப் பாடுவதாக. கடைசிப் பத்தி மேலே, சுருதியோடு. நடுப் பத்திகளை அந்தந்த நாள் மனநிலைக்கு விட்டுவிடுவேன்.

வார்த்தைக்கு வருகிறேன். 'பார்ஸ்லி, சேஜ், ரோஸ்மேரி அண்ட் தைம்' என்று ஒவ்வொரு பத்தியிலும் வரும். நாலும் சமையல் மூலிகை, நம் கொத்துமல்லி கறிவேப்பிலை மாதிரி. மெட்டு முழுவதிலும் அந்தச் சதுஸ்ருதி தைவதம் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, ரோஸ்மேரியின் மேல். அந்த ஒரு சுரம் இல்லையென்றால் இது கரகரப்பிரியாவா நடபைரவியா என்று சொல்ல முடியாது. எழுதாமல் வாசித்தபோது அந்தச் சுரத்தை நான் அழுத்தி அழுத்தி, அசைத்து அசைத்து வாசித்திருக்கிறேன், 'பார், என்ன அருமையான சுரம்' என்று. அடியில் 'ரோஸ்-மே-ரி' என்று எழுதிப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. ஒருவன் செடியின் பெயரைச் சொல்லிக்கொண்டு போகிறான். அதை யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொல்வார்களா? இப்போது அதை லேசாகத் தொட்டுவிட்டுப் போகிறேன். அப்போதுதான் அது காதில் நிற்கிறது.

அதே மாதிரி வில்லைத் திருப்புகிற இடம். பாடுபவன் மூச்சு வாங்குகிற இடத்தில்தான் வில் திரும்ப வேண்டும். வயோலாவின் கீழ்த் தந்தி தடிமன், வில் பட்டவுடன் பேசாது, ஒரு நொடியின் துளி தாமதம் இருக்கும். வாயைத் திறந்து முதல் எழுத்தை உருட்டுகிற நேரம் என்று வைத்துக்கொண்டால் அந்தத் தாமதமே உதவிதான்.

இங்கிலாந்தில் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் வான் வில்லியம்ஸ் என்ற இசையமைப்பாளர். அவரே வயோலா வாசிப்பவர். 1903 டிசம்பர் 4 அன்று எசெக்ஸில் இங்கிரேவ் என்ற கிராமத்தில் சார்லஸ் பாட்டிஃபர் என்ற வயதான கூலித் தொழிலாளி ஒரு பாட்டுப் பாடியதைக் கேட்டார். அதன் பிறகு வருஷக்கணக்கில் ஊர் ஊராகப் போய் நூற்றுக்கணக்கில் பாட்டுகள் எழுதிக்கொண்டார். 1926-ல் ஆறு நாட்டுப் பாடல்களை வைத்துச் செல்லோவுக்கும் பியானோவுக்கும் சின்னச் சின்னதாக ஆறு துண்டுகள் எழுதினார். வயோலாவுக்கும் அதில் வடிவம் உண்டு. ஆறும் சேர்ந்து பத்து நிமிடம்கூட வராது. ஐந்து மெதுவானவை, கடைசி ஒன்று மட்டும் ஓட்டம். கை ஓட்டம் காட்ட ஒன்றுமே இல்லை, பிடித்து வைத்த மூச்சுதான் எல்லாம். மாணவர்கள் 'இது ஈஸி சார்' என்பார்கள். ஒரு மாதம் கழித்து அதே ஆட்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான பதில் ஒன்றும் இருக்கிறது. டிரான்சில்வேனியா, இன்றைய ருமேனியாவில் ஹங்கேரியர்களும் ருமேனியர்களும் ரோமாக்களும் கலந்து வாழ்கிற பகுதி. அங்கே கிராமத்துக் கல்யாணங்களில் வாசிக்கிற வயோலாவுக்குக் கோன்ட்ரா என்று பெயர். நான்கு தந்தியில் ஒன்றைக் கழற்றிவிட்டார்கள். மூன்றுதான். தந்திகளைத் தாங்குகிற சின்ன மரத்துண்டுக்குப் பிரிட்ஜ் என்று பெயர்; வளைவாக இருக்க வேண்டிய அதைத் தட்டையாகச் சீவிவிட்டார்கள். ஏன் என்றால், வளைந்த பிரிட்ஜில் வில் ஒரு தந்தியை, மிஞ்சினால் இரண்டைத்தான் தொடும். தட்டையாக்கினால் மூன்றும் ஒரே இழுப்பில் சேர்ந்து ஒலிக்கும். வில்லுக்கு வில் ஒரு முழுச் சுரக்கூட்டு. முன்னால் வயலின் மெட்டு வாசிக்கும், பின்னால் பெரிய பேஸ் நிற்கும், நடுவில் கோன்ட்ரா 'ஜ்ஜம்-ஜ்ஜம்' என்று ஆடுபவர்களின் காலுக்கு அடியில் தரை போட்டுக்கொண்டே இருக்கும்.

கவனியுங்கள், கிராமத்து வயோலா மெட்டையே தொடுவதில்லை. வார்த்தை பாடுகிறவர் வாயில் பத்திரமாக இருக்கிறது. 1972-ல் புடாபெஸ்ட் இளைஞர்கள் நகரத்தில் கிராமத்து நடன இரவுகளைத் தொடங்கியபோது, இந்தக் கிராமத்துக் கலைஞர்களிடம்தான் போய்ப் படித்தார்கள். தட்டை பிரிட்ஜில் நான் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். பத்தாவது நிமிடத்தில் தோள்பட்டை கழன்றுவிட்டது. அவர்கள் விடிய விடிய வாசிக்கிறார்கள்.

ஹங்கேரிய இசையமைப்பாளர்கள் பார்டோக்கும் கொடாயும் பாட்டுகளைப் பதிவு செய்ய போனோகிராப்பைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போன கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும். ஹங்கேரிய மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில். அதனால் அந்த மெட்டுகள் மேலே விழுந்து தொடங்கும், தயங்கி ஏறித் தொடங்காது. பார்டோக்கின் வயலின் ஜோடிகளை வயோலாவில் வாசிக்கிற மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் சுரத்தை மெல்ல ஊதி வளர்த்தால், ஹங்கேரியன் போய்ப் பிரெஞ்சு வந்துவிடும்.

இத்தாலியில் பெரியோ என்ற இசையமைப்பாளர் என்ன செய்தார் என்றால், வார்த்தையைப் போகவே விடவில்லை. 1984-ல் சிசிலி நாட்டுப் பாடல்களை வைத்து வயோலாவுக்கும் இரண்டு கருவிக் குழுக்களுக்கும் ஒன்று எழுதினார். மறுவருஷம் அதே பாடல்களிலிருந்து இன்னொன்று: வயோலா, தாளக் கருவிகள், கூடவே ஒலிநாடா. நாடாவில் பெப்பினோ செலானோ என்ற சிசிலியத் தெருப்பாடகரின் குரல். கரடுமுரடான, வெயிலில் காய்ந்த குரல். அந்தக் குரல் வந்து போன பிறகு வயோலா எதை வாசித்தாலும் கொஞ்சம் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்ட மாதிரிதான் கேட்கிறது. பெரியோவுக்கு அது தெரிந்தே இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

கடைசியாக ஹிண்டெமித், ஜெர்மானிய இசையமைப்பாளர், வயோலாவும் வாசிப்பவர். 1935-ல் பழைய ஜெர்மானிய நாட்டுப் பாடல்கள் நான்கை வைத்து வயோலாவுக்கும் சிறு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் ஒரு கான்செர்டோ எழுதினார். ஆர்க்கெஸ்ட்ராவில் வயலினும் கிடையாது, வேறு வயோலாவும் கிடையாது; நடு இடத்தைத் தனக்கே காலி செய்துகொண்டார். ஊர் சுற்றும் பாட்டுக்காரன் ஒருவன் கூட்டத்துக்கு நடுவில் வந்து, தூரதேசத்தில் கேட்ட பாட்டுகளைத் தன் மனம்போலப் பெருக்கி வாசிக்கிறான் என்று முன்னுரையில் ஒரு காட்சியும் வைத்தார். 1936 ஜனவரி 22 அன்று லண்டனில் அதை அவரே வாசிப்பதாக ஏற்பாடு. 20-ஆம் தேதி இரவு மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இறந்துபோனார். துக்க நாளில் இந்தக் கொண்டாட்டமான பாட்டுக்காரனை எப்படி மேடையேற்றுவது? மறுநாள் பிபிசி ஒரு அறையைக் கொடுத்தது. காலை 11 மணிக்கு உட்கார்ந்தவர் மாலை 5 மணிக்கு எழுந்தார். வயோலாவுக்கும் தந்திக் கருவிகளுக்கும் ஓர் இரங்கல் இசை தயார். அதற்கு மறுநாள் வாசித்தும்விட்டார்.

அதன் கடைசிப் பகுதியில் ஜெர்மானியத் தேவாலயங்களில் பாடுகிற ஒரு பழைய பாட்டு மெட்டு. தந்திக் கருவிகள் ஒரு வரி வாசித்து நிறுத்தும். அந்த நிறுத்தத்தில் வயோலா மட்டும் தனியாகப் பேசும். பிறகு அடுத்த வரி.  இங்கிலாந்தில் அதே மெட்டு 'ஓல்ட் ஹண்ட்ரட்' என்ற பெயரில் ஒவ்வொரு சர்ச்சிலும் பாடுகிற பாட்டு என்பது ஹிண்டெமித்துக்குத் தெரியாது. அன்று கேட்டவர்களுக்கு வார்த்தை ஏற்கெனவே மனப்பாடம். நம் ஊரில் சிஎஸ்ஐ சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கும் அந்த மெட்டு தெரியும்.

அந்தப் பகுதியை இப்போது வாசிக்கிறேன். பியானோவில் தம்பி துணைக்கு வருகிறார். தெரிந்தவர்கள் மனதுக்குள் பாடிக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உதட்டைப் பாருங்கள்.